கூட்ட நோட்டு

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் எட்டு இன்ஜினியர்களில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில், "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று சொல்லி மேனேஜர் திங்கட்கிழமைக் கூட்டத்தின் குறிப்பு நோட்டை என் பக்கம் தள்ளினார். நானும் உச்சி குளிர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து வருடம் கழித்துத் தலைமை இன்ஜினியர் நாற்காலி காலியானது. எனக்குத்தான் என்று இருந்தேன். மேனேஜர் நோட்டைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு வருஷமா நீங்க வாயே திறக்கலையேம்மா? எல்லா யோசனையும் தொண்டையோடதா இருக்கு."

தொண்டை என்பது எங்கள் சக இன்ஜினியர் ஒருவரின் பட்டப்பெயர். அவர் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும். மேனேஜரோ கூட்டத்தில் பாதி நேரம் ஃபோனில் இருப்பார். நான் மெல்லச் சொன்னதைப் பத்து நிமிடம் கழித்துத் தொண்டை உரக்கச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் அதை அவர் பெயரிலேயே எழுதிவைப்பேன். என் பெயரை நானே எழுத வெட்கம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை நோட்டைத் தொண்டையிடம் தள்ளினேன்.

"எனக்குக் கை வலி. இன்னிக்கு நீங்க எழுதுங்க சார்."

எழுதிக்கொண்டே பேச அவருக்கு வரவில்லை. அறையே அமைதியானது. லிஃப்ட் கதவு மாட்டிக்கொள்ளும்வரை காத்திருக்காமல், அதன் உருளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம் என்றேன். யாரும் குறுக்கே விழவில்லை. மேனேஜர்கூட ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கடைசியில் தொண்டை குறிப்பைக் கணீரென்று வாசித்தார்.

"உருளைகளை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தலாம்னு நான் சொன்னேன்."

"நீங்க இன்னிக்கு வாயே திறக்கலையே!" என்றார் மேனேஜர்.

சிரிப்பில் மேசை அதிர்ந்தது. பாவம், தொண்டை பொய் சொல்லவில்லை. காதில் விழுவதெல்லாம் தன் யோசனை என்றே அவருக்குப் பழகிவிட்டது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"அப்போ இதெல்லாம்?"

"முக்கால்வாசி நான் சொன்னது சார்."

நாற்காலி எனக்கு வந்தது. அதில் உட்கார்ந்து நடத்திய முதல் கூட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். மேனேஜர் வாய் நிறையச் சிரித்தபடி நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் கையெழுத்து எப்படிம்மா?"

நான் எட்டி நோட்டைப் பிடித்து, அவர் முன்னாலேயே திருப்பி வைத்தேன்.

"அவ பேசட்டும் சார். நீங்க எழுதுங்க."