காலிக் குடம்

செத்தவனைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். தெருவில் ஒரு காலிக் குடம் கிடைக்கவில்லை. நாலைந்து வாசல் ஏறி இறங்கிவிட்டு மணிவண்ணன் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தான். “எங்கூட்லயும் இல்லப்பா” என்றவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் இல்லை என்று அவனும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை கரிக்கலாம்பாக்கம் வளைவில் பாமாயில் டேங்கர் கவிழ்ந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஊரே குடமும் பக்கெட்டுமாக ஓடியது. மணிவண்ணனும் ஓடினான். கேபின் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

“டிரைவர் உள்ள கீறான் போல” என்றான்.

“நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சி. நீ புடி, மண்ல போவுது பாரு” என்றார் பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு.

ஒரு குடம் நிறைந்தது. இன்னொன்றையும் வைத்தான். அது நிறைவதற்குள் முனகல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் போய்க் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

உள்ளே அவனுடைய அண்ணன் இருசப்பன். லீவு போட்ட யாருக்கோ பதிலாக அந்த வண்டியில் ஏறியிருந்தது தம்பிக்குத் தெரியாது. தெரியாதுதான். வேறு எவனோ என்றால் மட்டும் அது சரியாகிவிடுமா? நேற்றிலிருந்து மணிவண்ணனை இந்தக் கேள்விதான் பிடுங்கித் தின்றது.

சாவு வீட்டில் அண்ணி ஆண்டாள் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாதி லோடுன்னா ஆமையாட்டம்தான் போவாரு. முழு டேங்கு சொன்னபடி கேக்கும், பாதி டேங்குதான் உள்ள அலையடிச்சி வண்டியத் தள்ளும்னு சொல்வாரு. எவனோ பைக்ல குறுக்க வந்திருக்கான். வளைவுல பிரேக்க அமுக்குனதும் எண்ணெ மொத்தமும் ஒரு பக்கமா மோதியிருக்கும்.”

“தம்பிதான் மொதல்ல ஓடித் தூக்குனானாமே. கூடப்பொறப்பு கூடப்பொறப்புதான்” என்றாள் ஒருத்தி. மணிவண்ணன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

ஆண்டாள் அவனைப் பார்த்தாள். “மணி, நீ போவசொல்ல உசுரு இருந்துச்சா? எதனா சொன்னாரா?”

“இல்ல அண்ணி.”

“எது இல்ல?”

அவன் வாசல் பக்கம் திரும்பினான். “போயி தண்ணி கொண்டாப்பா” என்றாள்.

தன் வீட்டுத் தோட்டத்தில் சாக்கு போட்டு மூடியிருந்த இரண்டு குடங்களையும் மண்ணில் கவிழ்த்தான். சோப்பு போட்டான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். பிசுக்கு போகவில்லை. அப்படியே குழாயில் பிடித்துத் தூக்கி வந்தான்.

அண்ணன் தலையில் ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஆண்டாள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

“இன்னாது, தண்ணி வழவழன்னு கீது?”

செல்லக்கண்ணு தரையைப் பார்த்தார். ஆண்டாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மணிவண்ணனிடம் வந்து கண் நின்றது. விரல்களை முந்தானையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

“ஊத்து” என்றாள்.

இரண்டாவது குடம் கையில் வழுக்கியது. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினான்.