பின்னறைக்காரிக்கு ஒரு ஜெபம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஆமெனில் கிடைத்தது. கண்டெடுத்தேன் என்றெல்லாம் பெருமையடித்துக்கொள்ள முடியாது. அன்று பதினோரு பெண்கள் ஆமென் சொன்னோம், அதில் ஒன்று என்னுடையது. இரண்டு வருடமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘புதன்கிழமை நாலரை மணிக்கு, [ ] தெருவில், பச்சைக் கேட் போட்ட மூன்றாவது வீட்டில்—’

அடித்துவிட்டேன். பச்சையும் பொய், மூன்றும் பொய், வரப்போகும் பெயர்களும் நான் மாற்றி வைத்தவை. ஃபிஜியில் ஓர் ஊர், சுவாவுக்கு பஸ் உண்டு, அவ்வளவுதான் சொல்வேன். ஏன் இத்தனை பிகு என்று போகப்போகத் தெரியும்.

2

தராய்வினிக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் மெதடிஸ்ட் சபைப் பெண்களுக்கு வாராவாரம் அவள் வீட்டில்தான் வேதப்பாடம். பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் மனுஷி லேசில் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்குப் பிடித்த பாடம் ஒன்றே ஒன்று.

“‘ஆண்டவரே, எல்லாரையும் ஆசீர்வதியும்’னு கேக்கறதெல்லாம் சோம்பேறி ஜெபம்டீ. பேரைச் சொல்லு. ஊரைச் சொல்லு. எந்தக் கால் வலிக்குதுன்னு சொல்லு.”

“ஏன் டீச்சர், எந்தக் கால்னு ஆண்டவருக்குத் தெரியாதா?” என்று லித்தியா வம்புக்கு இழுப்பாள். எங்களில் வாய் நீளமானவள் அவள்தான்.

“அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியணும்ல? பொத்தாம்பொதுவா கேட்டா பொத்தாம்பொதுவாத்தான் கிடைக்கும்.”

சிரிப்போம். ஆனால் அவள் சொன்னபடிதான் ஜெபிப்போம்.*

(* கதை எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்லித் தருகிறார்கள். பெயரைச் சொல், தெருவைச் சொல், கேட்டின் நிறத்தைச் சொல், அப்போதுதான் உயிர் வரும் என்று. உயிர் போகவும் அதுவே போதும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.)

3

வசேவா வந்தது ஒரு நண்பகலில். கையில் துணியால் இறுகக் கட்டிய பெரிய சட்டி. சேப்பங்கிழங்கு இலைக் கறியை யாருக்கோ கொண்டுபோகிறாள் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். தராய்வினி மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு பாவாடை, ஒரு சட்டை, கல்யாணப் பதிவுத் தாள்.

“எமோசிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் தராய்வினி.

வசேவா வலது காதைத் திருப்பினாள். இடது காதில் புருஷன் எமோசி அடித்து ஒரு மாதம் ஆகிறது, அதில் ஒன்றும் கேட்காது.

“இந்தத் தடவை கொன்னுடுவான் டீச்சர்.”

தராய்வினி பின்னறையில் பாய் விரித்துக் கொடுத்தாள். சபையில் மூப்பராக இருக்கும் அவள் புருஷன் மனாசா, “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டதற்கு, “நீ டீயைக் குடி” என்றாள்.

[இங்கே வசேவாவின் முகத்தை வர்ணித்து அரைப்பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

இந்தப் பகுதியைத்தான் அதிகமாகக் கிழித்திருக்கிறேன்.

தராய்வினி கெட்டவள் இல்லை. அவளை ஓர் அசட்டுப் பெண்ணாக எழுதிப் பார்த்தேன், கதை சுலபமாக நடந்தது. ஆனால் அது அவள் இல்லை. பின்னறைக்காரி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட் கிறீச்சிட்டால் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறாள். தராய்வினிக்கு அவள் மேல் அப்படியொரு பாசம், அதைவிடப் பெரிய பயம். பயந்தவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஜெபம். கண்ணை மூடினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள். அந்தப் புதன்கிழமை அவள் தான் கற்றுக்கொடுத்தபடியே ஜெபித்தாள்.

“ஆண்டவரே, வசேவா எங்க வீட்டுப் பின்னறையில இருக்கா. இடது காது கேக்கல அவளுக்கு. எமோசி இந்த வாசப்படியை மிதிக்காம நீங்கதான் பாத்துக்கணும்.”

ஆமென், என்றோம்.

அந்த ஜெபத்தை நான் எத்தனை முறை திருத்தியிருப்பேன்! ‘ஆண்டவரே, ஒரு சகோதரிக்காக—’ இல்லாவிட்டால், ‘ஆண்டவரே, உமக்குத் தெரிந்த ஒரு—’ இல்லாவிட்டால் அவளுக்கு இருமல் வந்து ஜெபமே நின்றுபோகிறது. கதையில் என்ன வேண்டுமானாலும் திருத்தலாம், நடந்ததில் ஓர் எழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை.

நாங்கள் யாரும் புறணி பேசவில்லை. சத்தியமாக. ஆளுக்கு ஒருத்தியிடம் ஜெபிக்கத்தான் சொன்னோம். நான் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்: “யாருக்கும் சொல்லிடாதீங்க, ஜெபம் மட்டும் பண்ணுங்க.” அவளும் யாரிடமோ அதையேதான் சொல்லியிருப்பாள். சனிக்கிழமைக்குள் எமோசியின் அம்மாவும் வசேவாவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

5

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். எமோசி, அவனுடைய பெரியப்பா, இரண்டு மாமன்மார். கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. வாசலில் தலை குனிந்து உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்தி மன்னிப்புக் கேட்டார்கள். எமோசி தேம்பித் தேம்பி அழுதான்.

அடுப்படியில் தராய்வினி மனாசாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “கையை நீட்டாதே. உன் கால்ல விழறேன், நீட்டாதே.”

“பல்லோட வந்து உக்காந்திருக்காங்கடீ. வாங்காம அனுப்பிட்டு நாளைக்கு நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?”

“இவளைத் தூக்கிட்டு வரும்போது யார் மூஞ்சியில முழிப்பே?”

வாசலிலிருந்து பெரியப்பா பணிவாகக் கூப்பிட்டார். “டீச்சரம்மா, போன மாசம் மன்னிக்கறதைப் பத்தி நீங்கதானே பாடம் எடுத்தீங்க? வசேவாதான் எங்க வீட்ல வந்து அப்படிப் புகழ்ந்தா.”

தராய்வினி பிடியை விட்டாள். மனாசா போய்ப் பல்லை வாங்கிக்கொண்டான். வாங்கியாகிவிட்டால் மன்னித்து அவளை அனுப்பச் சம்மதித்ததாக ஆகிவிடும், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது.

வசேவா துணிகளைத் திரும்பச் சட்டியில் வைத்துக் கட்டினாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் பேரை ஏன் சொன்னீங்க டீச்சர்?”

தராய்வினிக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். எதையும் அவள் வாயில் வைக்க முடியவில்லை.

6

நாற்பது நாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து, ஒரு கண் போய், வசேவாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு மத்தியானம் அவள் காணாமல் போனாள்.

எங்கே போனாள், என்ன ஆனாள் என்று தராய்வினிக்குத் தெரியும். ஒரு நாள் கிணற்றடியில் அவள் அழுது தீர்த்ததில் எனக்கும் தெரியும்.

எமோசி இப்போது புதன்கிழமைகளில் வேதப்பாடத்துக்கு வருகிறான். பெண்கள் கூட்டம்தான். ஆனாலும் மனந்திரும்பினேன் என்று வருகிறவனைப் போ என்று யார் சொல்வது? இஸ்திரி போட்ட வேட்டி, மடியில் வேதப்புத்தகம், கதவோரம் இடம். ஜெபக்குறிப்பு கேட்கும்போது தவறாமல் அழுகிறான்.

“என் பொண்டாட்டிக்காக ஜெபிங்கக்கா. எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா நானும் குறிப்பா ஜெபிப்பேன்.”

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தி முகமாகப் பார்க்கிறான்.

தராய்வினி வகுப்பையே நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நிறுத்தினால் ஏதோ மறைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் வாராவாரம் அவனுக்குத் தேநீரும் பன்னும் கொடுத்து, கண்ணைத் திறந்தபடியே ஜெபிக்கிறாள்: “ஆண்டவரே, எல்லாரையும் ஆசீர்வதியும்.”

இப்போதெல்லாம் லித்தியாதான் எல்லாருக்கும் முந்தி ஆமென் சொல்கிறாள்.

7

முடிவு என்று இரண்டு எழுதினேன்.

முதலாவதில் வசேவா உயிரோடு இருக்கிறாள். [ ] என்ற இடத்தில், [ ] வேலை செய்துகொண்டு, [ ] என்ற பெயரில்— இரண்டு பக்கம் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

இரண்டாவதில் அவள் இறந்துபோகிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சலில், வேறொரு தீவில். அன்று நல்ல மழை. குழியில் தண்ணீர் ஊற ஊற இறைத்துக் கொட்டினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள், பெட்டி கனமே இல்லையாம். மேலே நீலப் பூப்போட்ட துணி. சிலுவையில் பெயர் எழுதினவன் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கி எழுதினான்.

இரண்டில் ஒன்று உண்மை.

இதை அவனுக்குத் தெரியாத என் வீட்டுத் தமிழில் எழுதுவதே அவன் கண்ணில் படாமல் இருக்கத்தான். ஆனாலும் ஒரு வாய் போதும் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் அவன் வரலாம். மரியாதையாகப் பேசுவான், அழுவான், உங்களுக்கு மனசு இளகும். அவனிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள். நம்பாமல் துருவினால் மழையைச் சொல்லுங்கள், துணியைச் சொல்லுங்கள், அந்தக் கடைசி எழுத்தைச் சொல்லுங்கள்.

எது உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள். பதினோரு பேருக்குச் சொல்லி ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.