ஐம்பது நிமிஷப் பயணம்

கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு நேர விஷயத்தில் யாரும் பாடம் எடுத்துவிட முடியாது. ஒருமுறை இரண்டு முகம் வைத்த கைக்கடிகாரம் ஒன்று அவர் கடைக்கு வந்தது. வெளிநாடு போய்வருபவருடையது. ஒரு முகம் மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போய், அதையும் சரிசெய்து, இரண்டையும் ஒரே நேரம் காட்ட வைத்துக் கொடுத்தனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவருக்கு விமானம் என்றால் மட்டும் பயம். லிஃப்டிலேயே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி கடல்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தரத்துல தொங்க என்னால ஆகாது. பேரனைப் போன்லயே பாத்துக்கறேன்" என்று முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார், மகள் அழுது பார்த்தாள். கடைசியில் மாப்பிள்ளை டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டார். கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு அதைப் படித்தார். புறப்பாடு பத்து மணி. வருகை பத்து ஐம்பது.

"ஐம்பது நிமிஷம்தானா! இதை முன்னாடியே சொல்லக்கூடாது?"

மனைவி வாயைத் திறந்தாள், மூடினாள். "நேரம் உங்க தொழிலாச்சுங்க. அதுல நான் என்ன சொல்றது?" என்று பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

விமானத்தில் கைப்பிடியை உடும்பாய்ப் பிடித்துக்கொண்டு, தன் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து ஐம்பதுக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பதினொன்றும் ஆனது. விமானம் இறங்குகிற வழியாய் இல்லை. பதினொன்று இருபதுக்குப் பொறுமை போய், தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வண்டி லேட்டா?"

"இல்ல சார், கரெக்டா போயிட்டிருக்கோம். இன்னும் ரெண்டரை மணி நேரம்தான்."

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"டிக்கெட்ல போட்டிருந்த பத்து ஐம்பது?"

"அந்த ஊரு நேரங்க. அங்க மூணு மணி நேரம் பின்னாடி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா ஏறியிருப்பீங்களா? ஒரு மணி நேரத்துக்கு மேல தொங்க மாட்டேன்னீங்க. இப்ப ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேலயே தொங்கிட்டீங்க. என்ன ஆச்சு?"

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கைப்பிடியிலிருந்து ஒரு விரல் கழன்றது.

இறங்கியதும் நிலையத்துச் சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. அவர் கையில் ஒன்று ஐம்பது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பழுது எதிலும் இல்லை. பெருமூச்சு விட்டுத் தன் கடிகாரத்தைத் திருகி மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்.

பத்தாம் நாள். பேரன் அவர் மார்பில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி திரும்பிப் போகும் டிக்கெட்டை நீட்டினாள். புறப்பாடு பகல் பன்னிரண்டு. வருகை மாலை ஆறு ஐம்பது.

"ஏழு மணி நேரமா? என்னால ஆகாதும்மா. நீ கிளம்பு, நான் இங்கேயே இருக்கேன்."

"மூணு மணி நேரத்தைக் கழிங்க!"

"எனக்கு இந்த ஊர் நேரம்தான் தெரியும்" என்றார், கடிகாரத்தைப் பேரன் காதோரம் வைத்தபடி.