சொஹோகா வீட்டுச் சங்கு

மலுக்குத் தீவுகளில் ஹத்துவா ஊரின் பவளத்திட்டைக் காப்பது சொஹோகா வீட்டின் பொறுப்பு. தொமிங்குஸ் சொஹோகாவுக்கு முன்னால் ஆறு பேர் அந்தப் பதவியில் இருந்தே கண்ணை மூடியிருக்கிறார்கள். அவர் கரையில் நின்று சங்கு ஊதி, கழியில் தென்னங்குருத்தைக் கட்டிவிட்டால் கடலுக்குச் சாசி என்ற தடை விழுந்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து மூன்று வருடம் யாரும் லோலா எடுக்க மூழ்கக் கூடாது. பொத்தான் செய்வதற்காக வெளியூர் போகும் அந்தக் கூம்புச் சிப்பிதான் ஊருக்குக் கூரைத் தகடு, பிள்ளைகளுக்குப் படிப்பு. மீறினவன் பெயரை மன்றத்தில் உரக்கச் சொல்வதும் அந்த வீட்டின் வேலையே. தொமிங்குஸ் ஒருமுறை சொந்தத் தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஐந்து பிரம்படி வாங்கிக்கொண்டு அம்போன் நகரத்துக்குப் போன தம்பி இன்றுவரை திரும்பவில்லை.

அவருக்கு மகன் இல்லை. வெல்மினா ஒரே மகள்; கூப்பிடுவது மினா. அவருக்குப் பின் அவள்தான் காவல் என்று சொன்னபோது ஊரில் சிரித்தார்கள். "சங்கு ஊத மூச்சு வேணுமே அண்ணே, பாப்பாகிட்ட இருக்கா?" என்று துணைக்காவலன் ஓபெட் முகத்துக்கு நேராகவே கேட்டான். அந்தச் சிரிப்பை தொமிங்குஸ் மறக்கவில்லை.

ஆகவே ஜகார்த்தாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம், இயற்கையைக் காக்கும் நாளைய தலைவர்களை ஒரே வருடத்தில் உருவாக்கப்போகிறோம் என்று வந்து, பக்கத்துத் தீவுகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததில் மினாவின் பெயரும் இருந்தபோது, அவர் யாரிடமும் பெருமை பேசவில்லை. அந்த ஞாயிறு கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேரும் மாதம் ஒரு வாரம் அம்போனில் பயிற்சி பெற்றார்கள். மீதி நாட்களில் அவரவர் ஊரில் ஒரு வேலை. மினா எடுத்துக்கொண்டது லோலாவை அளப்பது. மாதந்தோறும் கண்ணாடி கட்டி மூழ்கி, நூறு சிப்பிகளை அளந்து, நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவாள். ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குஞ்சு. இன்னும் முட்டையிடாதது. அதை எடுப்பது எந்தக் காலத்திலும் குற்றம்.

ஜூலையில் நிறுவனத்தின் பொறுப்பாளர் லாரஸ் வந்தாள். ஜாவாக்காரப் பெண்; குரலை உயர்த்தாமல் பேசுவாள். பசைபோல் இழுபடும் சாகோக் கூழைக் கரண்டியில் சுற்றத் தெரியாமல் திண்டாடிக்கொண்டே கேட்டாள்: வருட நிறைவு விழா அக்டோபரில், வெளிநாட்டிலிருந்தும் விருந்தினர்கள் வருகிறார்கள், அதை ஹத்துவாவிலேயே வைத்தால் என்ன? சாசி திறப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். முறைப்படி திறக்க வேண்டியது அடுத்த ஏப்ரல்.

"ஆறு மாசம்தானே ஐயா. இந்த வருஷத்தோட சிறந்த தலைவி நம்ம மினாதான்னு முடிவாயிருச்சு. அவ ஊர்லயே, அவ அப்பா சங்கு ஊத அது நடந்தா எவ்வளவு அழகா இருக்கும்."

ஊர்த்தலைவர் பக்கத்தில் இருந்தார். ஓபெட் வாசலில் நின்றான். தொமிங்குஸ் சரி என்றார்.

மினா ஈரத் தலையோடு கரையேறி வந்தபோது லாரஸின் படகு போய்விட்டிருந்தது.

"அப்பா, இப்பத்தான் அளந்துட்டு வர்றேன். நூத்துல அறுபத்தெட்டு குஞ்சு. அக்டோபர்ல திறந்தா ஒண்ணும் மிஞ்சாது."

"பெருச மட்டும்தான் எடுப்பாங்க. நான் ஆறு சென்டிமீட்டர் வளையத்தோட கரையில நிப்பேன். வளையத்துல நுழையிறது திரும்பக் கடலுக்குத்தான் போகும்."

"வேணாம்பா. லாரஸ் அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் குடுத்த வாக்க என் மக போய்த் திருப்பி வாங்கினான்னு ஊரு பேசணுமா?"

அவள் அப்படியும் லாரஸுக்கு எழுதினாள். அழைப்பிதழ் போய்விட்டது, மன்னித்துக்கொள், என்று பதில் வந்தது.

விழாவன்று தொமிங்குஸ் சங்கு ஊதினார், தென்னங்குருத்தை அவிழ்த்தார், ஊர் கடலில் இறங்கியது. கரையில் நின்று, வந்த ஒவ்வொரு சிப்பியையும் இரும்பு வளையத்தில் போட்டுப் பார்த்தார். நண்பகல் வரை ஒரு குஞ்சும் அவரைத் தாண்டவில்லை. அழைப்பிதழ் பார்த்து வந்த வெளியூர்ப் படகுகள் முனைக்கு அப்பால் நிற்பதையும் கவனித்தார். அப்போது லாரஸ் ஓடிவந்தாள். மகளுக்குப் பட்டயம் தரப்போகிறார்கள். அப்பா பக்கத்தில் இல்லாமல் எப்படி? ஒரு படம், அவ்வளவுதான்.

வளையத்தை ஓபெட்டிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சுக்கள் நீண்டன. நெய்த துணியைத் தோளில் போட்டார்கள். சங்கோடு நிற்கச் சொன்னார்கள், நின்றார். பக்கத்தில் மினா படக்கருவியைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து மேடையிலிருந்து இறங்கி வந்தபோது கரையில் மூட்டைகள் கட்டி முடிந்திருந்தன. வளையம் ஓபெட்டின் கழுத்தில் தொங்கியது. ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டார். கட்டைவிரல் அளவு சிப்பிகள்.

"காவலரே மேடையில நிக்கிறாரு, இன்னைக்கு யாரு அளக்கப்போறான்னு நெனச்சுட்டாங்க அண்ணே. நான் ஒருத்தன் யாரத் தடுக்குறது?"

அப்போதே சங்கை ஊதி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொமிங்குஸ் மூட்டையைத் தன் கையாலேயே கட்டினார். இரண்டாவது மூட்டையை அவிழ்க்கவில்லை.

ஏப்ரலில் நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் சங்கோடு அவர் படம். அதே வாரம் மினா மூன்று நாள் மூழ்கினாள். நோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நூறு அளக்க முடியலப்பா. மொத்தமே பத்தொம்பது."

ஊருக்கும் தெரிந்துபோயிற்று. தாதிப் படிப்புக்குப் போக இருந்த ஒரு பெண் பணமில்லாமல் வீட்டோடு நின்றுவிட்டாள். மன்றம் கூட்டுங்கள் என்று ஓபெட்டே வந்து சொன்னான். மன்றம் கூடும் நாள் காலை தொமிங்குஸ் மகளிடம் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

"வெளியூர்ப் படகுன்னு சொல்லு. பொய்யில்லையே, அவங்களும்தானே அள்ளுனாங்க. உன் நோட்டச் சொன்னா நம்புவாங்க. சங்கு நம்ம வீட்டுல இருக்கணும் மினா."

அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து நோட்டை எடுத்துக்கொண்டாள்.

மன்றத்தில் அவர் கறுப்புக் கோட்டோடு நடுவில் நின்று வெளியூர்ப் படகுகளைக் குற்றம் சொன்னார். படகுகளுக்கு வழி திறந்தது யார் என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள். நோட்டு என்ன சொல்கிறது என்று ஊர்த்தலைவர் மினாவைக் கேட்டார்.

மினா எழுந்தாள். ஜூலைக் கணக்கைப் படித்தாள். திறந்த தேதியைப் படித்தாள். நோட்டை மூடினாள். பிறகு, மீறினவன் பெயரைச் சொல்லும் முறைப்படி கடல் பக்கம் திரும்பி, வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

"தொமிங்குஸ் சொஹோகா."

கடைசி வரிசைக்கும் கேட்டது.

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். சட்டையைக் கழற்றினார். பிரம்பு ஓபெட்டின் கைக்கு வந்தது. முதல் அடி மெதுவாக விழுந்தது.

"ஒழுங்கா அடி," என்றார் தொமிங்குஸ்.

ஐந்தும் விழுந்தன. காவலனே மீறினால் சங்கு வேறு வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் முறைதான். மினா வீட்டுக்குப் போய்ச் சங்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்து ஓபெட் முன்னால் வைத்தாள். அவன் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்துக்கொண்டான். இனி அது அவன் பிள்ளைகளுடையது.

அன்று முதல் தொமிங்குஸ் மகளோடு பேசுவதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். அது சரியல்ல. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவர், அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது கேட்டார்.

"பேர எந்தப் பக்கம் பாத்துச் சொன்ன? நான் குனிஞ்சிருந்தேன், பாக்கல."

"கடலப் பாத்துத்தாம்பா."

"சரி," என்றார்.

பேச்சு நின்றது அதற்குப் பிறகுதான். சுவரில் சங்கு தொங்கிய ஆணி மட்டும் இருந்தது.