ஒற்றைத் தோட்டாச் சங்கம்

எங்கள் ஊரில் ஒற்றைத் தோட்டாச் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர் வெண்டெல் ஹாக்ஸ்ட்ரா, ஓய்வு பெற்ற பல் டாக்டர். மொன்டானாவின் இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பற்கள் அவர் கையால் வெளியே வந்தவைதாம். அதனாலேயோ என்னவோ, அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

சங்கத்தின் தெய்வம் ஒரு துப்பாக்கி. விசைக்கு அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால், தோட்டா அறையை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை கிணற்று வாளி போல நேராக இறங்கும். விரலால் ஒரு தோட்டாவைச் செருகி லீவரை மேலே இழுத்தால் கட்டை ஏறி அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அடுத்த தோட்டாவுக்கு உள்ளே இடமே கிடையாது. பொய் சொல்ல மாட்டேன், அழகான சாமான். குழல் நீளம், ஆனால் மொத்தத்தில் குட்டை. மரங்களுக்கு நடுவே இடிக்காது, சேணத்தில் உறுத்தாது. இடது கைக்காரனுக்கும் வலது கைக்காரனுக்கும் பேதம் பார்க்காது. மூடும்போது ஒரு சத்தம் வரும், பெரிய வங்கியின் பெட்டகத்தைச் சாத்துகிற மாதிரி. என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் அதைத் துடைத்து வைக்கிறேன், கும்பிடுவதில்லை.

ஹாக்ஸ்ட்ரா கும்பிட்டார். அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்கு மலையேறினால் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு பிரசங்கம். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா, தேவாலயத்தில் அப்பம் கொடுப்பது போல உள்ளங்கையில் வைப்பார். விதிகள் இன்னும் இரண்டு. கூட வரும் வழிகாட்டி துப்பாக்கி எடுத்துவரக் கூடாது. முதுகுக்குப் பின்னால் இன்னொரு துப்பாக்கி இருந்தால் முதல் குண்டுக்கு மரியாதை போய்விடுமாம். சுட்ட பிறகு துப்பாக்கியைத் திறக்கவும் கூடாது. முகாமுக்குக் கொண்டுவந்து, சங்கத்தார் முன்னிலையில் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திறந்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை எடுத்துக் காட்ட வேண்டும்.

அன்று அவருக்கு வழிகாட்டி லைல் ட்வெட். இறைச்சி சுமக்கக் கோவேறு கழுதைகளோடு நான்.

"டாக்டர், இது கிரிஸ்லி கரடி இருக்கிற காடு. துப்பாக்கிச் சத்தம் அதுங்களுக்குச் சாப்பாட்டு மணி மாதிரி. என் துப்பாக்கி கழுதை மேலயாவது கிடக்கட்டுமே" என்றான் லைல்.

"பயந்தவனுக்குத்தான் லைல் அஞ்சு தோட்டா. எங்க தாத்தா ஒண்ணே ஒண்ண வச்சு இந்த மலையவே ஆண்டாரு."

லைல் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான். "ஆண்டாரு சரி. கட்டில்ல செத்தாரா, காட்டுல செத்தாரான்னு கேளேன், ஆர்ன்."

"நீயே கேளு. எனக்கு இன்னும் ரெண்டு பல்லு பாக்கி இருக்கு."

மதியத்துக்கு மேல் பெரிய கொம்புள்ள எல்க் ஒன்று சரிவில் வந்து நின்றது. இருநூறு தப்படி தூரம். ஹாக்ஸ்ட்ரா சுட்டார், அது நின்ற இடத்திலேயே விழுந்தது. நல்ல குறி, அதை மறுக்க முடியாது. தோட்டாவும் அவரே அடைத்தது. புத்தகம் சொல்லும் அளவைவிட எப்போதும் இரண்டு சிட்டிகை வெடிமருந்து கூடப் போடுவார். புத்தகம் எழுதியவர்கள் கோழைகளாம்.

லைல் கோட்டைக் கழற்றி, குனிய இடைஞ்சலாக இருந்த, கரடியை விரட்டும் மிளகு ஸ்ப்ரேயையும் பெல்ட்டோடு கழற்றி, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் வைத்துவிட்டு வயிற்றைக் கிழிக்க உட்கார்ந்தான். ஹாக்ஸ்ட்ரா மூடிய துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண் கலங்க, மானத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழே ஓடையருகே கழுதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கழுதைகளின் காது நிமிர்ந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கரடி லைல் மேல் இருந்தது.

ஹாக்ஸ்ட்ரா ஓடவில்லை. அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். தொப்பியைக் கழற்றி அதன் உள்பட்டையிலிருந்து இன்னொரு தோட்டாவை எடுத்தார். ஆம், இன்னொன்று. பதினைந்து வருடப் பிரசங்கமும் அந்தத் தொப்பிக்குக் கீழேதான் நடந்திருக்கிறது. லீவரைத் தள்ளினார். கட்டை இறங்கியது. சுட்ட கூடு வெளியே வரவில்லை.

கூடுதல் மருந்து கொடுத்த அழுத்தத்தில் பித்தளை உப்பி அறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு வகைத் துப்பாக்கியில் கைப்பிடியை முறுக்கி அதைப் பெயர்த்துவிடலாம். இதில் இருப்பதோ பூனை நகம் போல ஒரு சின்னக் கொக்கி. அது விளிம்பைச் சுரண்டிவிட்டு வழுக்கியது. சுட்டவுடனே திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விதி இடம் கொடுக்கவில்லையே. நகத்தால் தோண்டினார். கத்தி முனையால் நெம்பினார். நாற்பது வருடம் பல் பிடுங்கிய கை.

"போடுங்க டாக்டர்!" லைல் கத்தினான். "கையில இருக்குல்ல, அதப் போடுங்க! போடுங்க!"

நான் மேட்டில் ஏறி, விழுந்த மரத்தின் மேலிருந்த ஸ்ப்ரேயை எடுத்து, கரடியின் முகத்தில் காலியாகும்வரை அடித்தேன். தும்மிக்கொண்டே போய்விட்டது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்கும்.

ஹெலிகாப்டர் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. லைல் அதில் பாதிதான் காத்திருந்தான். அவன் மூச்சு நின்ற பிறகு ஹாக்ஸ்ட்ரா என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஆர்ன், ஒரு தோட்டாதான் இருந்துச்சு. சரியா? விதிப்படி ஒண்ணுதான்."

"டாக்டர்..."

"சங்கம்னு ஒண்ணு இருக்குப்பா. நான் மட்டும் இல்ல."

 வன அதிகாரி வந்து கேட்டபோது, நடந்ததை ஓடையிலிருந்து சரியாகப் பார்க்கவில்லை என்றேன். இந்தக் கதையில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து லைலின் கோட்டைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி போனி சமையலறை மேஜையில் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். சங்கத்தின் முத்திரை, கெட்டியான தாள். லைல் ட்வெட்டின் நினைவைப் போற்றும் வகையில், அடுத்த ஆண்டு முதல் உறுப்பினர்களுக்கு இரண்டு தோட்டாக்கள் வழங்கப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"இன்னொண்ணு இருந்திருந்தா லைல் பொழச்சிருப்பான்னு டாக்டர் இங்க உக்காந்து அழுதாரு" என்றாள். "நானும் அவரத் தேத்தி அனுப்புனேன். நெசம்தானே, ஆர்ன்?"

கோட்டை நாற்காலியில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

"இருந்துச்சு போனி. தொப்பிக்குள்ள. பழைய கூடு மாட்டிக்கிச்சு, உள்ள போகல."

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடிக்கப் பார்த்தாள். தாள் கெட்டி, மடங்கவில்லை.

"அந்தத் தோட்டாவ லைல் பாத்தானா?"

"பாத்தான்."

"போடுங்கன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"எத்தன தடவ?"

எண்ணவில்லை என்றேன். எண்ணியிருந்தேன்.