பெரிய டாக்டரின் பல்செட்டு

அந்தப் பல் டாக்டர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விருந்து முடிந்ததும் அதே ஹாலில் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெயரை யாரும் முன்மொழியலாம். முன்னாள் தலைவர் ஒருவர் எழுந்து வழிமொழிந்தால்தான் செல்லும். முன்னாள் தலைவர்களில் மிஞ்சியிருப்பவர் எண்பத்திரண்டு வயதுப் பெரிய டாக்டர் மட்டும்தான். அவரை எப்படியாவது கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று, தலைவர் பதவிக்கு ஆசைப்பட்ட செயலாளர் ஒரு மாதமாகவே குறியாக இருந்தார்.

ஆனால் மைக் கையில் வந்தால் செயலாளருக்குக் கால் தரையில் பாவாது. நாலு கேலி செய்தால் பெரியவர் நெருக்கமாகிவிடுவார் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முதலில் பெரியவரின் காது மெஷினைக் கிண்டலடித்தார், அப்புறம் கைத்தடியை. ஹால் சிரித்தது. பெரியவர் தட்டைவிட்டு நிமிரவில்லை.

மற்ற மேஜைகளில் தட்டுகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது. பெரியவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பொருளாளர் அம்மா, தட்டெடுக்க வந்த சர்வரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவரும் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர்தான். இந்தம்மாவுக்கு இன்னுமா பசி அடங்கவில்லை என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினார் செயலாளர்.

"சூப்புக்கு அப்புறம் வாயில போட்ட அதே துண்டைத்தான் நம்ம சார் இன்னும் மென்னுட்டு இருக்கார்," என்றார் மைக்கில். "விடியறதுக்குள்ள முழுங்கிடுவார்னு நம்புவோம்."

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"இந்தப் பல்செட்டு நீ செஞ்சு குடுத்தது, தம்பி. மூணு தடவை ராவியும் குடுத்த. இன்னும் ஈறை அறுக்குது."

செயலாளருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கேட்டவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், அத்தனை பேரும் பல் டாக்டர்கள். அளவெடுக்கும்போதும் செயலாளர் வாய் மூடியிருக்காது என்று பின்மேஜையில் யாரோ சொல்ல, இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி கிளம்பியது.

மைக்கோடு ஓடிவந்து குனிந்தார் செயலாளர். சும்மா தமாஷுக்குத்தான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினார்.

"மனசுல இல்லப்பா, வாயில இருக்கு," என்றார் பெரியவர்.

இரண்டு பெயர்களும் முன்மொழியப்பட்டன. பெரியவர் மேஜையைப் பிடித்து எழ முயன்றார். செயலாளர் பாய்ந்து அவர் முழங்கையைத் தாங்கினார்.

"கையை எடு."

பொருளாளர் அம்மா தன் நாற்காலியை மட்டும் நகர்த்தி வழிவிட்டுக் காத்திருந்தார். பெரியவர் நிதானமாக நிமிர்ந்து, அந்தம்மாவின் பெயரை வழிமொழிந்து உட்கார்ந்தார். இன்னொரு பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

முடிவை அறிவிப்பது செயலாளர் வேலை. ஹால் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல்முறையாக, அவருக்குப் பேச்சு வரவில்லை.