அறுபதில் நின்ற முள்

பல் டாக்டர் வீட்டு மாடி அறையில் எதையும் நம்பக் கூடாது. மேசைமேல் கிடக்கும் சிகரெட் லைட்டர், லைட்டர் அல்ல, கேமரா. பேனா எழுதாது, நாம் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரோரம் சமர்த்தாக நிற்கும் கறுப்பு ஷூக்களில் இடது காலின் குதியைத் திருகினால் சின்னதாக ஒரு பொந்து திறக்கும். டாக்டர் வாலிபத்தில் உளவுக் கதைகளாகப் படித்துத் தள்ளியவர். கூடப் படித்தவர்கள் எல்லாம் வயது ஏறியதும் அந்தப் பைத்தியத்தை விட்டுவிட்டார்கள். இவரோ கையில் நாலு காசு சேர்ந்ததும், நிஜ ஒற்றர்கள் நிஜமாகவே வைத்திருந்த சாமான்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார். கதைகளில் வந்த ஒற்றர்களில் பாதிப் பேர் கடற்படைக்காரர்கள் என்பதால், கப்பல் விளக்கு, பித்தளைக் கடிகாரம், கடலுக்குள் இறங்குகிறவரின் செம்புத் தலைக்கவசம் என்று அவையும் வந்து சேர்ந்தன, அவற்றுக்குள்ளும் ஏதாவது ஒளித்துவைக்க இடம் இருக்கும்.

“இந்த வீட்டுல ஒரு சாமானாவது அது என்னவோ அதுவா இருக்கா?” என்று அவர் மனைவி கேட்பாள். ஒருமுறை தூசி தட்டப் போனபோது ஒரு குடை அவளைப் படம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் துடைப்பத்தோடு மாடிக்குப் போவதில்லை.

அது என்னவோ அதுவாகவே இருந்த ஒரே சாமான் ஆழமானிதான். கப்பல் எத்தனை மீட்டர் ஆழத்தில் போகிறது என்று காட்டுவது, ஏதோ ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கழன்று வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், சுற்றிலும் பித்தளை வளையம், கண்ணாடிக்குள் வெள்ளை எண்தட்டு. நூற்றைம்பதில் ஒரு சிவப்புக் கோடு. கப்பல் அந்த ஆழத்தைத் தாண்டினால் தண்ணீரின் கனம் தாங்காமல் அப்பளமாக நொறுங்கிவிடும். பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தூக்கிக் கொடுத்தபோது, முள் அறுபதில் துருப்பிடித்து நின்றிருந்தது. தட்டினாலும் உலுக்கினாலும் அசையவில்லை.

வினை மனைவியின் தம்பி ரூபத்தில் வந்தது. மச்சான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இவ்வளவுதானா மாமா? நீர்மூழ்கின்னு சொன்னீங்க. எங்க தெருவுல போர்வெல்லே இதைவிட ஆழம்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. சேகரிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமான் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அழுக்கைக்கூடத் துடைக்கக் கூடாது. யாரோ ஒருவர் பித்தளைக் கடிகாரத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்ததற்காக அந்த ஆளோடு பேச்சையே நிறுத்தியவர் இவர். ஆனால் மச்சான் சிரித்த மறுநாள், ஆழமானியின் பின்மூடியைத் திறந்து, பல்லில் சொத்தை தேடும் ஊசியால் துருவைச் சுரண்டி, முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அது திரும்பி வராமலிருக்கப் பல் அடைக்கும் சிமெண்டில் ஒரு பொட்டு. அந்த அறையில் பொய் சொல்லத் தெரியாத ஒரே சாமானுக்கு அவரே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்.

முள்ளுக்கு ஏற்றபடி ஒரு கதையும் திரித்தார். ரகசிய வேலைக்குப் போன கப்பல், எதிரிக்குத் தப்பி ஆழத்துக்கு ஓடி, நொடியில் நொறுங்கியது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். முள் முன்பு எங்கே நின்றது என்பதையே மறந்து மச்சானும் பிளந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை படத்தோடு போட்டது. வளையத்தில் பொறித்திருந்த கப்பல் எண்கூடப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்த வாரம் கீழே கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். தையற்காரி, இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்தபடியே வந்திருந்தாள். டாக்டர் நாற்காலியைக் காட்டினார்.

“பல்லு இல்ல டாக்டர். இது.” பத்திரிகைப் படத்தை நீட்டினாள். “இந்த நம்பர் எங்க அப்பா போன கப்பலோடது. அப்பா அதுல சமையல்காரர்.”

டாக்டர் கையுறையைக் கழற்றவில்லை. கழற்றத் தோன்றவில்லை.

“கப்பல் முழுகிப்போச்சுன்னு சொன்னாங்க. எங்க, எப்படி, ஒண்ணும் சொல்லல. ரொம்ப நாள் கழிச்சு கப்பலை மேலே தூக்கினாங்களாம், அப்பா உடம்புன்னு ஒரு பெட்டி வந்துச்சு, திறக்கக் கூடாதுன்னாங்க. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். உடனே போயிட்டாரா, இல்ல உள்ளே மாட்டிக்கிட்டுக் காத்திருந்தாரா? உடனேதாம்மான்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மா நம்பல.”

“ஏன்?”

“அம்மாவுக்குத் தட்டற சத்தம் கேக்கும் டாக்டர். இரும்புல தட்டற மாதிரி. மூணு தட்டு, அப்புறம் கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூணு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே கேட்டுச்சு, இப்பவும் கேக்குது. கண்ணை மூட விடாது.” அவள் படத்தில் இருந்த முள்ளை விரலால் தொட்டாள். “மனுஷங்க ஆறுதலுக்குப் பொய் சொல்லலாம். முள்ளு எதுக்குச் சொல்லப் போகுது? இதைப் படிச்சுச் சொன்னதும் அம்மா முதல் தடவையா அழுதாங்க. நேர்ல தொட்டுப் பார்க்கணும்கிறாங்க.”

டாக்டர் முள் நிஜமாக நின்ற இடத்தை நினைத்துப் பார்த்தார். அறுபது. அறுபதில் கப்பல் நொறுங்காது. கடலின் தரையில் போய் உட்காரும், முழுசாக. உள்ளே விளக்கு அணைந்திருக்கும். காற்று குறைந்துகொண்டே போயிருக்கும். கையில் அகப்பட்டதை எடுத்து, மேலே யார் காதிலாவது விழாதா என்று தட்டியிருப்பார்கள். சமையல்காரர் கையில் கரண்டி இருந்திருக்கலாம். இத்தனை வருஷமாக அந்த அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

“அழைச்சிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அம்மா வந்தாள். பார்வை மங்கியிருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். தொட்டுப் பார்க்கட்டும் என்று டாக்டர் ஆழமானியின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அவள் ஆள்காட்டி விரல் எண்களின் மேல் மெதுவாக ஊர்ந்தது. அறுபதில் வந்ததும் நின்றது. அந்த இடத்தில் முள் வெகுகாலம் நின்றதால் எண்தட்டில் ஒரு தடம் விழுந்திருந்தது. டாக்டருக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது. விரல் நகர்ந்து, சிவப்புக் கோட்டைத் தாண்டி, முள்ளைத் தொட்டது.

“தம்பி, இது இங்கதான் நின்னுச்சா? நடுவுல யாரும் தொடலையே?”

இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்தார்.

“யாரும் தொடலம்மா.”

“அப்ப ஒரு நொடிதான்.”

“ஒரு நொடிகூட இல்லம்மா.”

அவள் கீழே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கேட்டாள்: “இதை எனக்குக் குடுப்பியா? தலைமாட்டுல வெச்சுக்கறேன்.” டாக்டர் அதன் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தி, பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தார். அருமையான சாமானைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். டாக்டருக்கோ அது வீட்டை விட்டுத் தொலைந்ததே போதும் என்றிருந்தது.

இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை ஒருவருக்குக் கடைவாய்ப்பல் ராவிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தியதும் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

“யாரோ கதவைத் தட்டறாங்க இல்ல?” என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்த மனுஷன் என்ன பதில் சொல்வான்? கண்ணை மட்டும் உருட்டினான்.

வாசலில் யாரும் இல்லை. சத்தம் மாடியிலிருந்து வந்தது. ஆழமானி மாட்டியிருந்த சுவரில் வட்டமாக வெளுத்த இடம் மட்டும் இருந்தது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று பிளம்பரை வரவழைத்தார். அவர் குழாயை எல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, “வீடு கல்லு மாதிரி இருக்கு சார்” என்றார். டாக்டர் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவளோ அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்ல. கதைப் புஸ்தகத்தை மூட்டை கட்டுங்க, சரியாயிடும்.”

சேகரிப்பில், ஒற்றர்கள் அடுத்த அறைப் பேச்சைக் கேட்கச் சுவரில் ஒட்டும் கருவி ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அதற்கு வேலை வந்தது. சுவரில் ஒட்டி, காதில் மாட்டினார். மனைவி கீழே பாத்திரம் கழுவுவதும், தெருவில் சைக்கிள் போவதும் துல்லியமாகக் கேட்டன. தட்டல் மட்டும் இல்லை. கருவியைக் கழற்றியதும் மறுபடி கேட்டது. மூன்று. இடைவெளி. மூன்று.

தாங்க முடியாமல் ஒரு நாள் மத்தியானம் தையற்காரியின் வீட்டுக்குப் போனார். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது, முள்ளைப் பழையபடி அறுபதில் வைத்துவிடுவது என்று பையில் ஊசிகூட எடுத்துப் போனார். அது அவர்களுக்குச் சேர வேண்டிய சத்தம். அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனார்.

கதவைத் திறந்த தையற்காரி உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே கட்டிலில் அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ஆழமானி, முள் சிவப்புக் கோட்டுக்கு அப்பால்.

“பகல்லகூடத் தூங்கறாங்க டாக்டர்” என்று மகள் கிசுகிசுத்தாள். “ஒரு சத்தமும் கேக்கலையாம். உங்க புண்ணியம்.”

பையிலிருந்த ஊசி பையிலேயே இருந்தது. டாக்டர் வந்த வழியே திரும்பினார்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறி, வெளுத்த வட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தார். சத்தம் வந்தது. முதல் முறையாகப் பயத்தை விட்டு அதைக் கேட்டார். பயமுறுத்துகிற தட்டல் இல்லை அது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற தட்டல். அன்றைக்கு அதைக் கேட்க யாருமில்லை. அதன் பிறகு ஒரே ஒருத்தி கேட்டாள், அவளையும் இவர் தூங்க வைத்துவிட்டார். கையை நீட்டி, விரல் முட்டியால் சுவரில் தட்டினார். மூன்று.

தட்டல் நின்றது. வீடே மூச்சை நிறுத்தின மாதிரி இருந்தது.

அப்புறம் வந்தது, படபடவென்று, இடைவெளி இல்லாமல், ஒரு கை அல்ல, பல கைகள். கரண்டி, குழாய், வெறும் கை. யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டவர்களின் தட்டல்.

“இருக்கேன்” என்றார் டாக்டர். “இங்கதான் இருக்கேன்.” மறுபடி தட்டினார். உள்ளே ஆரவாரம் கூடியது.

கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள். பல்வலிக்காரர் ஒருவர் வந்து காத்திருக்கிறாராம். டாக்டர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால், மேலே மீட்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று கப்பலுக்குள் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்களே.